ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு வேர்

செவ்வாய்க்கிழமை, மதிய இடைவேளை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்டால் பதில் வராது என்பது நாலு வருஷப் பாடம், அதனால் கேட்கவில்லை. அம்மாவுக்கு மாதம் தவறாமல் ஒரு அட்டை போடுகிறாய். கடைசி வரியில் எல்லோருக்கும் என் அன்பு என்று எழுதுகிறாய். அந்த எல்லோரில் அக்காவும் சேர்த்திதான் என்று நானாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன். இல்லை என்றால், இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுச் சொல்.

அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. தினமும் வானொலியில் வானிலை கேட்கிறாள். நம் ஊர் வானிலை அல்ல, உன் ஊர் வானிலை. அங்கே மழை என்று சொன்னால் இங்கே கொடியில் காய்கிற துணியை எடுத்து உள்ளே போடுகிறாள். உன் அத்தான் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். இரண்டு நாள் அவருக்கு ஆறிப்போன சாப்பாடுதான் கிடைத்தது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, இனி கல்லைக் கையால் தொடமாட்டேன் என்று சபதம் போட்டிருக்கிறவன். இருந்தாலும் படி. நம் எரிவாயுக் கிணற்றைப் பற்றியது. நீ இடம் குறித்துக் கொடுத்து, ஐந்தாயிரத்து இருநூறு மீட்டர் தோண்டி, வாயு இல்லை என்று சிமெண்ட் ஊற்றி மூடினோமே, அதேதான்.

கிணறுகளிலிருந்து எடுத்த கல்லை அடுக்கி வைக்கிற நம் கல் கொட்டகையை வேறு கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். பழைய பெட்டிகளைக் கல்லூரிக்குக் கொடுத்துவிட உத்தரவு. கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் படம் எடுக்க வேண்டும். உன் கிணற்றின் அடியிலிருந்து உருளையாக அறுத்து எடுத்த அந்த ஒன்பது மீட்டர் கல்லை, நாம் கோர் என்போமே, அதையும் போன வாரம் படம் எடுத்தேன். படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி எண் எழுதிக்கொண்டிருந்தேன். ஊரார் பல்லையெல்லாம் பிடுங்குகிற உன் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து தன் பல்லைக் குத்திக்கொண்டிருந்தார்.

ஒரு படத்தை எடுத்துப் பார்த்தவர், இது மேல் தாடையா கீழ்த் தாடையா என்று கேட்டார். அது சேற்றுப் பாறை, அதில் தெரிவது புழு துளைத்த ஓட்டை, நானே பார்த்து எழுதியது என்றேன். மனுஷன் விடவில்லை. புழு போன ஓட்டை ஒரே பருமனாகத்தானே இருக்கும், இது போகப் போக மெலிகிறது, நுனியில் இரண்டாகப் பிரிகிறது, இருபத்திரண்டு வருஷமாக நான் தினமும் பார்ப்பது இதைத்தான், இது வேர், நீ படத்தைத் தலைகீழாக வைத்திருக்கிறாய் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு படத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

தம்பி, அது வேர்தான். எத்தனையோ கோடி வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு சேற்றில் முளைத்த செடியின் வேர். பெட்டியில் அது மெலிந்து பிரிந்து மேலே போகிறது. வானத்தைப் பார்த்து வேர் விடுகிற செடியை நீ கண்டிருக்கிறாயா? செடி ஒழுங்காகத்தான் வளர்ந்திருக்கிறது. கல்லை நாம் தலைகீழாக வைத்துவிட்டோம்.

நாம் இல்லை. நான்.

அன்றைக்குக் கொட்டிய மழை உனக்கு ஞாபகம் இருக்கும். கோர் மேலே வந்ததும் கிணற்று மேடையிலேயே அதன் மேல் இரண்டு கோடு போட வேண்டும். சிவப்பு வலக்கைப் பக்கம், கறுப்பு இடக்கைப் பக்கம் வரும்படி நிறுத்தினால் கல்லின் மேல்முனை மேலே. இது நம் தொழிலில் அரிச்சுவடி. மழையில் மை பிடிக்கவில்லை. கொட்டகையில் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னது நான். எப்போதும் லாரி தலையை உள்ளே விட்டு நிற்கும், கல்லின் மேல்முனை வாசல் பக்கம் இருக்கும். அன்று நனையக்கூடாது என்று டிரைவர் லாரியைப் பின்பக்கமாக உள்ளே விட்டிருக்கிறார். நான் பழக்க தோஷத்தில் வாசல் பக்கத்தை மேல் என்று எண்ணிக் கோடு போட்டேன். கிணற்றுக்குள் இறக்குகிற அளவுக் கருவியாவது என்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். அந்தச் சூட்டில் அது அடிக்குப் போவதற்குள் செத்துப்போனது. கல் ஒன்றுதான் சாட்சி.

நான் போட்ட கோட்டின்படி, அடியில் சேறு, அதற்கு மேலே மணல், உச்சியில் கூழாங்கல். கடற்கரையில் அப்படிப் படியும். கடற்கரை மணல் நெடுக ஒரே சீராகக் கிடக்கும். இங்கே இரண்டு மீட்டர் என்றால் எங்கே தோண்டினாலும் இரண்டு மீட்டர். அதில் எவ்வளவு வாயு தங்கும் என்று கிணற்றை மூடினார்கள். இப்போது கல்லைத் திருப்பிப் பார். அடியில் கூழாங்கல், மேலே மணல், அதற்கும் மேலே சேறு, சேற்றில் வேர். இது ஆறு. ஆற்றுக்கு ஓரம் உண்டு, நடு உண்டு. ஓரத்தில் இரண்டு மீட்டர் என்றால் நடுவில் எவ்வளவு இருக்கும்?

பூமிக்குள் அதிர்வலை அனுப்பி எடுத்த படத்தில் நீ கண்ட பாறை மேடு சரியானதுதான். ஆனால் பாறை மடிந்து மெதுவாக எழும்பிக்கொண்டிருந்தபோதே அதன் மேல் ஆறு ஓடியிருக்கிறது. ஆறு மேட்டில் ஏறுமா? சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்துப் பள்ளத்தில் மணலைக் கொட்டியிருக்கிறது. வாயு மேலே ஏறப் பார்த்தாலும், உச்சிப் பக்கம் மணல் மெலிந்து சேற்றில் முடிந்துவிடுவதால் அங்கேயே மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். நாம் உச்சந்தலையில் தோண்டினோம், சரக்கு இடுப்பில் கிடக்கிறது.

கிணற்றை மூட முடிவெடுத்த அந்தக் கூட்டத்தில் நம் அலுவலகத் தலைவர் உன்னைப் பார்த்து, மேடு மேடு என்று கனவு காண்கிறவருக்கு மணல் எங்கே தெரியப் போகிறது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வாரமே நீ பெட்டியைக் கட்டினாய். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். நானும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். உனக்காக வாய் திறக்கவில்லை. அது மட்டும் இல்லை. தம்பி தப்பு செய்தாலும் என் கல் விவரம் சுத்தமாக இருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு கர்வம் இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது சோறு இறங்கவில்லை.

என்னை மன்னித்துக்கொள். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். போய் அவனுக்கு எழுது என்றாள். நாளைக் காலை தலைவரிடம் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் இதைத் தபாலில் போட்டுவிடுகிறேன். அப்புறம் பின்வாங்க வழி இருக்காது.

மன்னிப்புக் கேட்கத் தகுதி இல்லாவிட்டாலும் கேட்கிற,
உன் அக்கா

---

ஆறு வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை

அன்புத் தம்பி,

உன் கடிதம் வந்தது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திட்டித் தீர்த்திருப்பாய் என்று ஒரு செம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரித்தேன். உள்ளே அன்புள்ள அக்கா இல்லை, நலம் இல்லை, கோபமும் இல்லை. எண் போட்டு ஏழு கேள்வி. வேர் எத்தனை சென்டிமீட்டர், கூழாங்கல் எவ்வளவு பெரியது, சிப்பி உண்டா, சேறு என்ன நிறம். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இது கடுதாசியா பரீட்சைத் தாளா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. கல்லைத் தொடமாட்டேன் என்றவன் முழங்கை வரைக்கும் சேற்றில் இறங்கியிருக்கிறாய்.

பதில்கள் இதோ. வேர் நாலு சென்டிமீட்டர். கூழாங்கல் கட்டைவிரல் நகம் அளவு. சேறு செம்பழுப்பு. சிப்பி ஒன்றுகூட இல்லை. கடற்கரை என்று எழுதினேனே, ஒரு சிப்பிகூட இல்லையே என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மற்ற மூன்றுக்கும் தனித் தாளில் அளவுகள் வைத்திருக்கிறேன்.

தலைவரிடம் சொன்னதைக் கேள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடியும் துடைத்தார். இது வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். தம்பிக்கு நேற்றே தபாலில் போட்டுவிட்டேன் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற யோசனை ஏதாவது அவருக்கு இருந்திருந்தாலும் அத்தோடு போய்விட்டது. ஆனால் நியாயத்தைச் சொல்ல வேண்டும். அரைமணி நேரம் கல்லின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து பார்த்தார். எழுந்தபோது, அந்தப் பையனை நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது என்றார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கிடைத்தது, கல் கொட்டகைப் பொறுப்பும் போனது. இப்போது நான் கிணற்றடியில், துளையிலிருந்து மேலே வருகிற கல்தூளை அலசுகிறேன். எனக்கு அதிகாரி, போன வருஷம் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண். கண்டிப்பானவள். சல்லடையைக் கழுவாமல் வைத்ததற்கு நேற்று என்னைத் திட்டினாள். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

பக்கத்துப் பள்ளத்தைத் தோண்டுவது என்று முடிவாகியிருக்கிறது. புதுக் கிணறு அல்ல. பழைய துளையிலேயே மூவாயிரம் மீட்டர் இறங்கி, அங்கிருந்து சரிவாகத் திருப்பி மேட்டின் இடுப்புக்குப் போவது. சும்மா ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஆழத்தில் அழுத்தமும் சூடும் சேர்ந்து மணலைக் கெட்டியாக்கியிருக்கும், மணல் இருந்தாலும் வாயு தங்க நடுவே இடம் இருக்காது என்று ஒருவர் மேசையைத் தட்டினார். நான் அந்த இரண்டு மீட்டர் மணலை மெல்லிய சீவலாக அறுத்து நுண்நோக்கியில் காட்டினேன். ஒவ்வொரு மணல் மணிக்கும் பச்சையாக ஒரு களிமண் தோல் இருக்கிறது தம்பி, அவ்வளவு மெல்லியது. அந்தத் தோல் இருப்பதால் ஒரு மணி இன்னொன்றோடு ஒட்டி வளரவில்லை. இடைவெளி அப்படியே இருக்கிறது. இது ஆற்றோரத்து மணல், அந்த இடைவெளியில் கொஞ்சம் சேறு அடைத்திருக்கிறது, நடு ஆற்று மணல் சுத்தமாக இருக்கும் என்றேன். மேசை தட்டுவது நின்றது.

இப்போது உள்ள கவலையையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தடவையும் வறண்டால் இந்தப் பகுதியையே மூடிவிடுவார்கள். உன் படம் தப்பு என்பது கல்வெட்டாகிவிடும். எனக்கு வேலை போனால் உன் அத்தான் நாலு பல் கூடப் பிடுங்கிச் சோறு போடுவார், அதைப் பற்றிக் கவலை இல்லை. உன் பேர்தான் எனக்குப் பயம்.

தலைவர் குறித்திருக்கிற புள்ளி மேட்டிலிருந்து எழுநூறு மீட்டர் தள்ளி. எனக்கு அது சரியென்று படவில்லை, ஆனால் வேறு எது என்று சொல்லத் தெரியவில்லை. கல் என் பக்கம், பாறை அமைப்பு உன் பக்கம். மேடு எழும்பும்போது பள்ளம் எந்தப் பக்கம் ஆழமாக விழுந்தது என்று உனக்குத்தான் தெரியும். அந்தப் படம் உனக்கு மனப்பாடம் என்று எனக்குத் தெரியும், இல்லை என்று புளுகாதே. ஒரு காகிதத்தில் கிறுக்கி அனுப்பு. பதினைந்து நாளில் துளை திரும்பத் தொடங்குகிறது.

சளி பிடித்திருக்கிறதாமே, அம்மாவின் அட்டையில் இருந்தது. வெந்நீர் குடி.

சல்லடையும் கையுமாக,
அக்கா

---

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல்

என் தம்பிக்கு,

வந்துவிட்டது. முப்பத்துநாலு மீட்டர் மணல். வாயு.

இதை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்கிறேன்.

நீ அனுப்பிய வரைபடத் தாளைத் தலைவரின் மேசையில் கொண்டுபோய் விரித்தேன். நீ பள்ளத்தைத் தலைவரின் புள்ளிக்கு இருநூற்றைம்பது மீட்டர் மேற்கே ஆழமாக வரைந்திருந்தாய். தலைவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் உன் மாணவன் யாரோ, ஆறு கடலில் பிறந்து மலைக்குப் போகிறது என்று எழுதியிருக்கிறான், நீ பெரிதாக முட்டை போட்டிருக்கிறாய். தலைவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். நாமும் இந்தப் பையனும் ஒரே வகுப்பு என்றார். பழைய படங்களை வரவழைத்து உன் கோட்டோடு ஒப்பிட்டார்கள். இரண்டு நாள் வாக்குவாதம். கடைசியில் புள்ளி மேற்கே நகர்ந்தது.

அதன் பிறகு ஏழு வாரம். துளை இறங்க இறங்க என் சல்லடையில் வந்தது சேறு, சேறு, சேறு. ஐந்தாயிரத்து முந்நூறு தாண்டியது, சேறு. ஐந்தாயிரத்து நானூறு, சேறு. சாப்பாட்டுக் கூடத்தில் யாரும் என் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பதில்லை. துக்க வீட்டில் நடந்துகொள்கிற மாதிரி குழம்புப் பாத்திரத்தை மட்டும் என் பக்கம் நகர்த்துவார்கள். ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டேனோ என்று எனக்கே தோன்றத் தொடங்கியது.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குத் துளைப்பு மேஸ்திரி என் கொட்டகை வாசலில் வந்து நின்றார். உனக்குத் தெரியுமே, நாங்கள் மௌனசாமி என்று கூப்பிடுவோம், தன் கல்யாணத்தில்கூடத் தலையை மட்டும் ஆட்டியவர். வாயைத் திறந்து, உளி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்குதும்மா என்றார். அவர் அத்தனை வார்த்தை பேசினார் என்பதே எனக்கு ஒரு நல்ல சகுனமாகப் பட்டது. கீழே இருந்து தூள் மேலே வந்து சேர இரண்டு மணி நேரம். நானும் அந்தக் கண்டிப்பான பெண்ணும் சல்லடையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முதலில் சாம்பல் சேறு. பிறகு ஒரு கை மணல், வெள்ளையாக, ஒரு மணி ஒரு மணியாக. வாயு அளக்கிற முள் எழுந்தது, எழுந்தது, காகிதத்தின் ஓரத்தை முட்டியது. அந்தப் பெண் என் முதுகில் ஒரு அறை அறைந்தாள். அதிகாரி அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அழுத்தம் எதிர்பார்த்ததைவிட அதிகம். துளைக்குள் விடுகிற சேற்றுக் கரைசலைக் கனமாக்கி அடக்கும்வரை ஒரு மணி நேரம் யாருக்கும் மூச்சு இல்லை. மௌனசாமி தன் நிதானத்தை விடவில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிடுமோ என்று நான்தான் பயந்து செத்தேன்.

நேற்று மதியம் சோதனை. கிணற்றின் அடைப்பைத் திறந்துவிட்டதும் முதலில் தண்ணீர், பிறகு சீறல், பிறகு எரிகுழாயில் பற்றவைத்த தீ. பட்டப்பகலில் அவ்வளவு பெரிய தீ. தொப்புள் வரைக்கும் அதன் சத்தம் கேட்டது. மூன்று மணி நேரம் அழுத்தம் ஒரு கோடுகூடக் குறையவில்லை, கீழே நிறைய இருக்கிறது என்று அர்த்தம். தலைவர் என்னிடம் வந்து ஒரு விஷயம் சொன்னார். அவர் முதலில் குறித்த புள்ளியில் தோண்டியிருந்தால் உன் வரைபடத்தின்படி மூன்று மீட்டர்கூடக் கிடைத்திருக்காதாம். அதை என்னிடம் சொன்னவர் அதோடு நிற்கவில்லை. இன்று காலை, ஞாயிறு என்றும் பாராமல், அதே கூட்ட அறையில், உன்னைப் பார்த்துச் சிரித்த அதே ஆட்களை உட்கார வைத்து, பழைய அறிக்கையின் முடிவு ரத்து என்று எழுந்து நின்று படித்தார். அமைப்பை வரைந்தவரின் கணிப்பு சரி, கோர் தலைகீழாகக் குறிக்கப்பட்டது என்று திருத்தம். குறித்தவர் பெயரை விட்டுவிடலாம் என்றார். நான்தான் விடவேண்டாம் என்று எழுந்து என் பேரைச் சொன்னேன். கை தட்டினார்கள், தம்பி. எதற்குத் தட்டினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை, ஆனால் எனக்கு அவ்வளவு லேசாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். வாயு வந்தது சரி, அவன் வருகிறானா என்று கேட்டாள். நான் பேச்சை மாற்றினேன். உன் அத்தான் இரண்டு நாளாகத் தெருவில் போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி, ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில் உள்ள வேரைக் கண்டுபிடித்த முதல் பல் வைத்தியர் நான்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியாகிவிட்டது. சரியான பக்கம் மேலே இருக்கிறதா என்று நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அடுத்த மூன்று கிணற்றுக்கு இடம் குறிக்க வேண்டும். உன்னைக் கூப்பிட்டு அலுவலகக் கடிதம் தனியாக வரும். அதற்கு என்ன பதில் போடுவாய் என்று நான் கேட்கமாட்டேன். உனக்குப் பிள்ளைகளோடு இருப்பதுதான் பிடித்திருக்கிறது என்றால் அங்கேயே இரு, முட்டை போட்டுக்கொண்டு இரு. அது வேறு, இது வேறு.

நான் கேட்பது ஒன்றுதான். முதல் கடிதத்தில் உன்னிடம் மன்னிப்பு என்று ஒன்று கேட்டிருந்தேன். ஏழு கேள்வி அனுப்பினாய், வரைபடம் அனுப்பினாய், அதற்கு மட்டும் பதில் இல்லை. எழுத்தில் வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வாரம் விடுமுறை என்று அம்மா அட்டையைப் பார்த்து நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். சனிக்கிழமை வண்டியும் உண்டு, திங்கட்கிழமை வண்டியும் உண்டு. எதில் வருகிறாய் என்று எழுதக்கூட வேண்டாம், நான் இரண்டுக்கும் நிலையத்தில் நிற்பேன். என்னோடு பேசாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கினாலும் பரவாயில்லை. இறங்கு.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்றே நாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கும்,
உன் அக்கா